லெவிட்டவுன்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் லெவிட் அண்ட் சன்ஸ் என்ற கட்டுமான நிறுவனம் அமெரிக்காவில் எழுப்பிய புறநகர்க் குடியிருப்புகளின் பொதுப்பெயர். முதல் லெவிட்டவுன் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் 1947இல் தொடங்கப்பட்டது. அடுத்த இரண்டும் பென்சில்வேனியாவிலும் (1952) நியூஜெர்சியிலும் (1958) எழுந்தன. 1945க்கும் 1973க்கும் இடைப்பட்ட அமெரிக்கச் செழிப்புக் காலத்தின் வீடு, கடன், குடும்பம், நிறப்பாகுபாடு எல்லாவற்றையும் ஒரே ஊரில் வைத்துப் பார்க்க விரும்புபவர்கள் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

போர் முடிந்தபோது அமெரிக்கர்களின் கையில் சேமிப்பு இருந்தது. குடியிருக்க வீடு கிடைக்கவில்லை. பெருமந்தமும் போரும் அடுத்தடுத்து வந்து வீடு கட்டும் தொழிலை ஏறத்தாழ 15 ஆண்டுகள் முடக்கிவிட்டிருந்தன. 1944இல் நாடு முழுவதும் வேலை தொடங்கிய தனிவீடுகள் 1,14,000 மட்டுமே. படையிலிருந்து திரும்பிய இளைஞர்கள் திருமணம் செய்துகொண்டு பெற்றோர் வீட்டில் ஒரு அறையில் ஒண்டினார்கள். இராணுவம் கழித்துக்கட்டிய தகரக் கொட்டகைகளில் குடியேறினார்கள். சிகாகோவில் பழைய டிராம் பெட்டிகள்கூட வீடென்று விலைபோயின. இந்த நெரிசலுக்கு நடுவில்தான் 1946இல் பிறப்பு விகிதம் ஏறியது. 1964க்குள் பிறந்த குழந்தைகள் சுமார் 7.6 கோடி.

இதற்கு வழி செய்தது அரசாங்கம். 1934இல் அமைக்கப்பட்ட கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், வங்கிகள் கொடுக்கும் வீட்டுக் கடனுக்குக் காப்பீடு அளித்தது. அதற்குமுன் விலையில் பாதியை ரொக்கமாகக் கட்டி, மீதியைச் சில ஆண்டுகளுக்குள் அடைக்க வேண்டியிருந்தது. இப்போது 25, 30 ஆண்டுத் தவணை நடைமுறைக்கு வந்தது. 1944 ஜூனில் இயற்றப்பட்ட படைவீரர் மறுவாழ்வுச் சட்டம் ஒருபடி மேலே போய், முன்னாள் வீரர் முன்பணமே இல்லாமல் வீடு வாங்கவும் அரசு பிணை நிற்கும் என்றது. கடன் வாராமல் போகும் என்ற பயம் வங்கிக்கு நீங்கியது, வாங்க ஆள் கிடைக்குமா என்ற கவலை கட்டுபவருக்கு நீங்கியது. லெவிட்டவுனைத் தனியார் முயற்சியின் வெற்றியாகக் கொண்டாடுபவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுவது வழக்கம்.

நிறுவனத்தை 1929இல் தொடங்கிய ஆபிரகாம் லெவிட் ஒரு வழக்கறிஞர். மூத்த மகன் வில்லியம் வணிகத்தையும் இளையவர் ஆல்ஃபிரட் வீட்டு வடிவமைப்பையும் கவனித்தார்கள். போர்க்காலத்தில் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் கடற்படைத் தொழிலாளர்களுக்காக வீடுகள் கட்டியபோது, குறைந்த செலவில் அவசரமாகக் கட்டும் வித்தையை அவர்கள் கற்றார்கள். அதைப் பெரிய அளவில் செய்து பார்க்க, லாங் ஐலண்டில் புழுத் தாக்குதலால் நொடித்திருந்த உருளைக்கிழங்கு வயல்களை வாங்கினார்கள். நிலவறை இல்லாமல் வீடு கட்டக் கூடாது என்று ஹெம்ப்ஸ்டெட் உள்ளாட்சியின் விதி சொன்னது. 1947 மே மாதம் முன்னாள் வீரர்கள் திரண்டுபோய்க் கூட்ட அரங்கை நிறைத்தார்கள், விதி தளர்ந்தது. அக்டோபர் 1ஆம் தேதி முதல் குடும்பங்கள் குடிவந்தன.

கட்டுமான முறை கார் தொழிற்சாலையைத் தலைகீழாக்கியது. தொழிற்சாலையில் கார் நகரும், ஆள் நிற்பார். இங்கே வீடு நின்ற இடத்தில் நிற்க, ஆட்கள் நகர்ந்தார்கள். வேலை 27 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. தளம் போடும் குழு தளம் மட்டும் போட்டுவிட்டு அடுத்த மனைக்குப் போகும். ஒரு நிறப் பூச்சுக்கு ஓர் ஆள், வேறு நிறத்துக்கு வேறோர் ஆள். வெட்டி அளவெடுத்த மரச்சட்டங்களை லாரிகள் சீரான இடைவெளியில் இறக்கிப்போட்டுச் சென்றன. மரத்துக்கும் ஆணிக்கும் நிறுவனமே ஆலை வைத்துக்கொண்டது. தொழிற்சங்கங்களை உள்ளே விடவில்லை. உச்சத்தில் நாளொன்றுக்கு 30 வீடுகள் முடிந்தன. 1951க்குள் மொத்தம் 17,447.

வீடு சிறியதுதான்: 750 சதுர அடி, இரண்டு படுக்கையறை, மேலே முடிக்கப்படாத பரண். கான்கிரீட் தளத்துக்குள் பதித்த செப்புக் குழாய்களில் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கியது. சமையலறையிலேயே பெண்டிக்ஸ் சலவை இயந்திரம் இருந்தது. முதலில் மாதம் 60 டாலர் வாடகைக்கு விட்டார்கள். 1949இல் வந்த புதிய வடிவம் 7,990 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. முன்னாள் வீரருக்கு மாதத் தவணை 58 டாலர், அதாவது பழைய வாடகையைவிடக் குறைவு. மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். 1950 வடிவத்தில் மாடிப்படிக்கு அடியிலேயே தொலைக்காட்சிப் பெட்டி பதிக்கப்பட்டிருந்தது. அந்த ஆண்டு அமெரிக்க வீடுகளில் நூற்றுக்கு 9இல்தான் தொலைக்காட்சி இருந்தது. பத்தாண்டில் அது 87 ஆனது. சொந்த வீட்டில் வாழும் குடும்பங்களின் பங்கும் 1940இல் 43.6 விழுக்காட்டிலிருந்து 1960இல் 61.9 ஆக உயர்ந்தது.

வீட்டோடு கட்டுப்பாடுகளும் வந்தன. வேலி போடக் கூடாது, புல்லை வாரந்தோறும் வெட்ட வேண்டும், வார இறுதியில் துணி காயப்போடக் கூடாது. இவை சில்லறை. தொடக்ககால வாடகை ஒப்பந்தத்தில் 25ஆவதாக ஒரு விதி இருந்தது: வேலைக்காரர் தவிர, வெள்ளையர் அல்லாத எவரும் அந்த வீட்டில் குடியிருக்கக் கூடாது. இது லெவிட்டின் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. இத்தகைய விதிகளைக் கூட்டாட்சி நிர்வாகத்தின் கையேடே பரிந்துரைத்திருந்தது. 1948இல் உச்ச நீதிமன்றம் இவற்றை நீதிமன்றங்கள் நிறைவேற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. விதி தாளிலிருந்து போயிற்று, நடைமுறையில் தங்கியது. அதே போரில் பணியாற்றிய கறுப்பின வீரர்கள் விற்பனை அலுவலகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

1957 ஆகஸ்டில் மையர்ஸ் என்ற கறுப்பினக் குடும்பம் பென்சில்வேனியா லெவிட்டவுனில் குடியேறியது. நாள்தோறும் இரவில் கூட்டம் கூடியது. கல்லெறிந்து கண்ணாடியை உடைத்தார்கள். ஆளுநர் மாநிலக் காவலர்களை அனுப்ப நேர்ந்தது. அண்டை வீட்டார் சிலர் துணைநின்றதும் பதிவாகியிருக்கிறது.

அறிவுலகம் லெவிட்டவுனை ஒரே அச்சில் வார்த்த மனிதர்களின் ஊர் என்று கேலி செய்தது. சமூகவியலாளர் ஹெர்பர்ட் கான்ஸ் நியூஜெர்சி லெவிட்டவுனில் வீடு வாங்கி இரண்டு ஆண்டு வாழ்ந்து பார்த்தார். மக்கள் சலித்துப்போயிருக்கவில்லை, திருப்தியாகவே இருக்கிறார்கள் என்று 1967இல் எழுதினார். கேலி பேசியவர்கள் வீட்டின் வடிவத்தைப் பார்த்தார்கள், உள்ளே வர முடியாமல் போனவர்களைக் கண்டுகொள்ளவில்லை. தவணை முடிந்த வீடு பிள்ளைகளுக்குச் சொத்தானது. திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு அது கிட்டவில்லை.

1973இன் எண்ணெய் நெருக்கடி செழிப்புக் காலத்தை முடித்தது. கார் இல்லாமல் நகர முடியாத ஊர்களுக்கு அது நேரடி அடி. 1979 ஜூனில் பென்சில்வேனியா லெவிட்டவுனின் ஒரு நாற்சந்தியில் பெட்ரோல் தட்டுப்பாட்டை எதிர்த்துக் கலவரம் வெடித்தது, கார்கள் எரிந்தன. வில்லியம் லெவிட் 1968இலேயே நிறுவனத்தை ஐடிடி என்ற பெருநிறுவனத்துக்கு விற்றுவிட்டார். விலையாகப் பெற்ற பங்குகள் சரிந்து, 1994இல் செல்வமிழந்தவராகவே இறந்தார்.

நியூஜெர்சி லெவிட்டவுன் 1960இல் சட்டத்தின் நெருக்குதலால் கறுப்பினத்தவருக்குக் கதவைத் திறந்தது. 1963இல் வில்லிங்பரோ என்ற பழைய பெயருக்குத் திரும்பியது. பின்னாளில் அங்கே கறுப்பினத்தவரே பெரும்பான்மையானார்கள். லாங் ஐலண்டின் முதல் லெவிட்டவுனில் 2010 கணக்கெடுப்பின்படி 51,881 பேர். அவர்களில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு.