மேற்கோளாட்சி: உ.வே.சா. பதிப்பில் ஒரு பேக்லிங்க் பட்டியல்

ஆங்கில எழுத்தில் போச்சம்பள்ளி என்று கூகுளில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் முதலில் வந்து நிற்பது தெலங்கானாவின் பூதான் போச்சம்பள்ளி. கிருஷ்ணகிரி மாவட்டத்து நம்ம போச்சம்பள்ளி அதுக்குக் கீழேதான்.

இதில் ஓரவஞ்சனை எதுவும் இல்லை. 1951 ஏப்ரல் 18 அன்று வினோபா பாவே அந்த ஊருக்குப் போனார். வேதிரே ராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் நிலத்தைத் தானமாகக் கொடுக்க, பூதான் இயக்கம் அங்கேயே பிறந்தது. அதன் வரலாற்றை எழுதுகிற யாரும் அந்த ஊரைச் சொல்லாமல் நகர முடியாது. இக்கத் நெசவைப் பற்றி எழுதுகிறவர்களுக்கும் அதே நிலைமை. 2021ல் ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பு சிறந்த சுற்றுலா கிராமங்களில் ஒன்றாக அதைத் தேர்ந்தெடுத்தது. சுட்டுகிறவர்கள் இன்னும் கூடினார்கள். நம்ம ஊருக்கு வாரச்சந்தை உண்டு, சிப்காட் உண்டு. ஆனால் வெளியூர்க்காரர்கள் எழுத வேண்டிய அவசியம், 2021ல் ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலை வந்த பிறகுதான் பெரிதாக ஏற்பட்டது.

ஒரு பக்கத்தை வேறு பக்கங்கள் சுட்டுவதைத்தான் பேக்லிங்க் என்கிறோம். தேடலில் யார் முன்னே, யார் பின்னே என்று முடிவு செய்வதில் அதுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இதை இணையத்தின் கண்டுபிடிப்பு என்றே பலரும் நினைக்கிறோம். தமிழ்ப் பதிப்பு வரலாற்றைப் புரட்டினால் வேறு கதை கிடைக்கிறது.

"பிறரும் சொன்னார்" என்ற துப்பு

உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887ல் பதிப்பித்தார். அதற்கு முன்பு நச்சினார்க்கினியர் உரையோடு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. உரைகாரர் பாட்டு வரிகளை மேற்கோள் காட்டுவார். பிறரும் இப்படிச் சொன்னார் என்று எழுதி முடித்துவிடுவார். எந்த நூல், எந்தப் புலவர் என்ற பேச்சே இருக்காது. நம்ம பாஷையில் சொன்னால், சுட்டி இருக்கு, முகவரி இல்லை. பிறகு சங்க நூல்களின் ஏடுகளைப் படிக்கப் படிக்க, அந்த வரிகளில் பல அவற்றுக்குள்ளேயே இருப்பது தெரிந்தது.

இந்த அனுபவம் அவர் பதிப்புகளில் ஒரு முறையாகவே ஆனது. 1937ல் வந்த அவருடைய குறுந்தொகைப் பதிப்பை எடுத்துப் பாருங்கள். பாட்டு, உரை, விசேடவுரை ஆகியவற்றோடு "மேற்கோளாட்சி" என்று ஒரு பகுதி வரும். இந்தப் பாட்டின் இந்த அடியை எந்த உரைகாரர், எந்த இலக்கண விதிக்குச் சான்றாகக் காட்டினார் என்ற பட்டியல் அது. இளம்பூரணர், பேராசிரியர், நச்சினார்க்கினியர் என்று பெயர்கள் வரிசையாக வரும். பாட்டிலிருந்து வெளியே போகும் சுட்டிகள் அல்ல இவை, பாட்டை நோக்கி உள்ளே வருபவை. அச்சு அசல் பேக்லிங்க் பட்டியல்!

இதன் பயன் பெருமையோடு நிற்கவில்லை. ஏட்டில் ஒரு சொல் சிதைந்திருந்தால், உரைகாரர் எடுத்தாண்ட வரியை வைத்துச் சரியான பாடத்தைத் தேடலாம். மூலமே அழிந்துபோன நூல்களின் சில வரிகளை யாப்பருங்கல விருத்தியுரை மாதிரியான உரைகள்தான் நமக்கு மிச்சம் வைத்தன. சுட்டப்பட்டது பிழைத்தது.

சட்டப் புத்தகத்திலிருந்து கூகுள் வரை

அமெரிக்காவில் இதே யோசனை வழக்கறிஞர்களிடமிருந்து வந்தது. ஒரு பழைய தீர்ப்பை அதற்குப் பின் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துக்காட்டின என்ற பட்டியலை 1873ல் ஃபிராங்க் ஷெப்பர்ட் விற்க ஆரம்பித்தார். அதைப் பார்த்த யூஜின் கார்ஃபீல்டு, அறிவியல் கட்டுரைகளுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று 1955ல் எழுதினார். 1964ல் அறிவியல் மேற்கோள் அட்டவணை வெளிவந்தது.

ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1996ல் உருவாக்கிய தேடுபொறியின் முதல் பெயரே "பேக்ரப்". பேக்லிங்குகளை அலசுவதால் அந்தப் பெயர். அதன் கணக்கு ஜாமீன் கையெழுத்து மாதிரி. ஊரில் மரியாதையான ஆள் ஒருத்தர் ரெண்டு பேருக்கு மட்டும் ஜாமீன் போட்டால் அதுக்கு மதிப்பு. போற வர்றவங்களுக்கெல்லாம் போட்டால் யார் மதிப்பார்கள்? ஒரு பக்கத்தின் மதிப்பு, அது கொடுக்கும் சுட்டிகளுக்குள் பங்கு பிரிகிறது. 5 சுட்டி என்றால் ஐந்தில் ஒரு பங்கு, 500 என்றால் ஐந்நூற்றில் ஒரு பங்கு.

மதிப்பு என்று ஒன்று வந்ததும் போலியும் வந்தது. கருத்துப் பெட்டிகளில் குப்பைச் சுட்டிகள் குவிந்ததால், 2005 ஜனவரியில் "நோஃபாலோ" என்ற அடையாளம் வந்தது. 2011 பிப்ரவரியில் ஜே.சி.பென்னி என்ற அமெரிக்கக் கடை, சம்பந்தமே இல்லாத தளங்களிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான சுட்டிகளால் முதலிடத்தில் இருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டுவர, கூகுள் அதைக் கீழே இறக்கியது. 2012 ஏப்ரல் 24 அன்று "பென்குயின்" வந்தது. செயற்கைச் சுட்டிகளை நம்பியிருந்த பல தளங்கள் சரிந்தன.

இன்னமும் ஓசூர் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருக்கிறவர்களிடம் "சார், மாசம் ஆயிரம் லிங்க், முதல் பக்கம் கேரண்டி" என்று ஆள் வருகிறார்கள். காசு கொடுத்து நிறுத்திய சாட்சி ஒருநாள் கோர்ட்டில் மாட்டிக்கொள்வார், அவ்வளவுதான். அந்தப் பணத்தில், தான் செய்யும் உதிரிபாகத்தின் அளவு, உலோகம், சோதனை முறை எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் ஒழுங்காக எழுதி வைத்தால், வாங்குகிற கம்பெனிக்காரரும் பாலிடெக்னிக் மாணவரும் தாங்களாகவே சுட்டுவார்கள்.

மயிலாடும்பாறை சொல்லும் பாடம்

நம்ம மாவட்டத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. பர்கூர் பக்கத்து மயிலாடும்பாறை. தேனி மாவட்டத்திலும் அதே பெயரில் ஊர் உண்டு. தொல்லியல் துறை அகழாய்வில் கிடைத்த மாதிரிகளின்படி, அங்கே இரும்பு புழங்கிய காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டப்பேரவையில் முதல்வர் அறிவித்தார். அதன்பின் தமிழக இரும்புக் காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தப் பெயரைத் தாண்டிப் போக முடியவில்லை. 2025 ஜனவரியில் சிவகளைக்கு அதைவிடப் பழைய காலக்கணிப்பு வந்தது. அந்த விவாதத்திலும் மயிலாடும்பாறை பேசப்படுகிறது. எந்த ஏஜென்சியும் இதைச் செய்யவில்லை. அடுத்தவர் வாதத்துக்குத் தேவைப்படும் ஒரு தகவல் செய்தது.

கிருஷ்ணகிரி, தர்மபுரி நடுகற்களைத் தேடித் தேடி எழுதுகிற நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். "அரிய நடுகல் கண்டுபிடிப்பு" என்று ஒரு படத்தோடு முகநூலில் போட்டால் ரெண்டு நாளில் காணாமல் போகும். கல்லின் அளவு, எழுத்தின் வாசகம், இருக்கும் இடம், ஊர், தாலுகா, மாவட்டம், யார் எப்போது படித்தார்கள், இத்தனையும் முகவரி மாறாத ஒரு பக்கத்தில் இருக்கட்டும். கிருஷ்ணகிரி 2004ல்தான் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. பழைய நூல்களில் தர்மபுரி என்றே இருக்கும் என்பதால் அதையும் குறிப்பிடுங்கள். நீங்கள் பார்த்த மூலங்களுக்கும் தாராளமாகச் சுட்டி கொடுங்கள்.

நச்சினார்க்கினியரிடம் எந்தச் சங்கப் புலவரும் போய்க் கேட்கவில்லை. அவருக்கு ஒரு விதியை நிறுவ அந்த வரி தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டார். அடுத்த ஆராய்ச்சியாளருக்கு நம்ம பக்கம் அப்படித் தேவைப்பட வேண்டும். இல்லாவிட்டால் நம்ம ஊர் நடுகல்லும், சுட்டுவார் இல்லாமல் அழிந்த அந்தப் பழைய நூல்களின் கணக்கில் சேர்ந்துவிடும்.