முதுமலையில் இராத்தங்கல்

தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் எங்கள் ஷிப்ட் ஆட்களிடம் முதுமலை என்று பேச்செடுத்தால், முதலில் வரும் கேள்வி “ரூம் எங்கே போடுறது?” என்பதுதான். பயணத்துக்குப் பணம் வசூலித்து ஏற்பாடு செய்கிறவன் நான் என்பதால், பதிலும் நான்தான் சொல்ல வேண்டும். போனில் தேடினால் தனியார் விடுதிகள் வரிசையாக வரும். நீச்சல் குளம் உண்டு, ராத்திரி நெருப்பு மூட்டிப் பாட்டுப் போடலாம் என்பார்கள். நான் கேட்பது வனத்துறை அறையை மட்டும். அதற்குக் காரணம், அந்தக் காட்டில் வெளியூர் ஆள் இராத்தங்கிய வரலாறு.

முதலில் அங்கே தங்க வைத்தது மரம். முதுமலைக் காடு நிலம்பூர் அரச குடும்பத்துத் திருமுல்பாடுக்குச் சொந்தமாக இருந்தது. 1857-ல் மரம் வெட்டும் உரிமையைச் சென்னை மாகாண அரசு அவரிடம் குத்தகைக்கு எடுத்தது. வெட்டிய தேக்கை இழுக்க யானை வேண்டும், யானைக்கு முகாம் வேண்டும். தெப்பக்காடு யானை முகாம் அந்த வேலைக்காக உருவானதுதான். மரம் வெட்டும் கூப்பைப் பார்க்க வரும் அதிகாரிக்கு வன ஓய்வு விடுதி கட்டினார்கள். உல்லாசத்துக்கு வந்து தங்கும் இடமாக யாரும் அதை நினைக்கவில்லை. அதிகாரி வந்த வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவார். குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர்தான் எல்லா இரவும் அங்கே இருந்தவர்கள். யானையோடு பழகி மாவுத்தாகவும், மாவுத்துக்கு உதவும் காவடியாகவும் அவர்களில் பலர் நின்றார்கள்.

1940-ல் சுமார் 60 சதுர கிலோமீட்டரைச் சரணாலயமாக அறிவித்தார்கள். பிறகு எல்லை விரிந்து 1977-ல் 321 சதுர கிலோமீட்டர் ஆனது. அதில் ஒரு பகுதி 1990-ல் தேசியப் பூங்கா, 2007-ல் புலிகள் காப்பகம். மரம் இழுத்த யானைகள் கும்கிகளாயின. பழைய ஓய்வு விடுதிகளின் கதவு மெல்ல நம்மைப் போன்றவர்களுக்கும் திறந்தது.

இதே காலத்தில் கிழக்கே மசினகுடி, சிகூர் பக்கம் வேறு கதை நடந்தது. குன்னூர் வழக்கறிஞர் ஈ.ஆர்.சி. டேவிதார் 1960-களில் சிகூரில் சின்னதாக ஒரு வீடு கட்டினார். யானைகள் எந்த வழியாக வருகின்றன, எங்கே ஆற்றைக் கடக்கின்றன என்று உட்கார்ந்து பார்த்து எழுதினார். காட்டில் இராத்தங்கினால் இப்படித் தங்க வேண்டும் என்பேன். அவருக்குப் பின்னால் வந்தவை விடுதிகள், மின்வேலிகள், விளக்குகள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானை நடக்கும் தடம் அடைபட்டது. 2010-ல் அரசு அதை யானை வழித்தடமாக அறிவித்தது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் அது சரி என்றது. 2018-ல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி விடுதிகளுக்கு முத்திரை விழுந்தது. 2020 அக்டோபர் 14-ல் அதே நீதிமன்றம் வழித்தடத்தை உறுதி செய்தது.

மூன்று மாதம் ஆவதற்குள், ஏற்கெனவே முதுகில் புண்ணோடு திரிந்த ஒரு யானை மசினகுடியில் ஒரு தங்குமிடத்துப் பக்கம் வந்தது. எரியும் டயரை அதன் மேல் வீசினார்கள். அது காதில் சிக்கிக்கொள்ள, தீயோடு யானை ஓடியதை வீடியோவில் ஊரே பார்த்தது. 2021 ஜனவரி 19-ல் தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டு போகும் வழியில் அது செத்துப்போனது. ரப்பரோடு வேலை செய்கிறவன் நான். எரியும் ரப்பர் உருகிச் சொட்டும், தோலில் பட்டால் உதறினாலும் விடாது. அந்த வீடியோவை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை.

எங்கள் ஊரின் மேய்க்கால் நிலமும் தொழிற்பேட்டை ஆனதுதான். என் சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் பாட்டியின் மாடுகள் பழைய பழக்கத்தில் நடந்து போய், புது வேலிக்கு முன்னால் நின்று கத்தியதையும் பார்த்திருக்கிறேன். வழி மறிப்பது என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

சரி, ஏற்பாட்டுக்கு வருவோம். கவரைப்பேட்டையில் லோக்கல் ரயில் பிடித்து சென்ட்ரல்; அங்கிருந்து ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ்; விடிந்தால் மேட்டுப்பாளையம். ஊட்டி, கூடலூர் வழியாகத் தெப்பக்காடு போய்விடலாம். சொந்த வண்டி என்றால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் கட்டாயம், 2024 மே மாதத்திலிருந்து இந்த விதி. மைசூர் பக்கமிருந்து வருகிறவர்கள் நேரம் பார்க்க வேண்டும். பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை 2009-லிருந்தே மூடல். கோடை தொடங்கும்போது காட்டுத்தீ பயத்தால் சுற்றுலாவை நிறுத்துவதுண்டு, ஆகவே கேட்டுவிட்டு லீவு போடுங்கள். வனத்துறை அறைகள் கொஞ்சம்தான். கிடைக்கவில்லை என்றால் தேதியை மாற்றுங்கள், இடத்தை மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால், முன்பணம் அனுப்பும் முன் அந்த விடுதியிடம் உரிமத்தைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் ஊட்டியிலோ கூடலூரிலோ தங்கிவிட்டு, பகலில் போய்க் காட்டைப் பார்த்து வாருங்கள்.