நட்சத்திரம் ஒரு கணக்குப் பாடமாக இருந்தது

கடந்த மார்கழி விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்கட கோயிலில் மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு ஒளி விழா. சோடனை செய்யிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. பதினாலு பிள்ளைகள், ஆறு வயசிலிருந்து பதினொரு வயசு வரை. கையில் இருந்த சாமான்கள்: சாப்பிட்டுக் கழுவின யோகட் கப், பழைய கொப்பி மட்டை, ரிசூப் பேப்பர், நூல், ஒரு சட்டி கோதுமை மாப் பசை. பால்மா பைக்கற்றைக் கிழித்தால் உட்பக்கம் வெள்ளியாக மினுங்கும். அதையும் கழுவிக் காயவைத்திருந்தோம்.

யோகட் கப்பைக் கவிழ்த்து, அடியில் துளையிட்டு, நூல் கோத்தால் மணி. மட்டையை வெட்டிப் பால்மாப் பைக்கற்றை ஒட்டினால் நட்சத்திரம். பின்னேரம் முடியும்போது கொடியில் எல்லாம் தொங்கின. சில நட்சத்திரங்களுக்கு நாலு முனை, ஒன்றுக்கு ஏழு. நான் சந்தோசமாகப் பார்த்துக்கொண்டு நிற்க, ஒன்பது வயசுப் பிள்ளை ஒருத்தி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்:

"அக்கா, இது கடையில விக்கிறது மாதிரி இல்லை. வாங்க ஏலாத ஆக்கள் செய்தது மாதிரிக் கிடக்கு."

எனக்குப் பதில் வரவில்லை. வரலாறு படிக்கிற பிள்ளை என்று ஊருக்குள் பேர் மட்டும் இருக்கு. அந்த ஞாயிறுக்கும் அடுத்த ஞாயிறுக்கும் இடையில் இதைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். கடைச் சாமான் முதலா, கைச் சாமான் முதலா?

நத்தார் மரச் சோடனை பற்றிக் கிடைக்கிற பழைய எழுத்துக் குறிப்புகளில் ஒன்று 1605ஆம் ஆண்டுக்குரியது. இடம் ஸ்ட்ராஸ்பேர்க், இன்றைய பிரான்ஸில் இருக்கிற நகரம். வீட்டு அறைக்குள் மரத்தை நிறுத்தி, பல நிறக் கடதாசியில் வெட்டின ரோசாப்பூ, அப்பிள், மெல்லிய அப்பம், மினுக்கத் தகடு, சீனிப் பண்டம் எல்லாம் தொங்கவிட்டார்கள் என்று அது சொல்கிறது. அதாவது கடதாசியும் தின்பண்டமும்தான் முதலில் மரத்தில் ஏறினவை. கண்ணாடி உருண்டை வர இன்னும் இருநூறு வருசத்துக்கு மேல் கிடந்தது.

அடுத்தது நட்சத்திரம். ஜேர்மனியின் கிழக்கு மூலையில் நீஸ்கி என்று ஒரு சிறிய ஊர். அங்கே மொறேவியன் சபை ஓர் உறைவிடப் பாடசாலை நடத்தியது. 1830களில் அங்கே கேத்திரகணிதம் படிப்பிக்கிறதற்காகப் பிள்ளைகளைக் கொண்டு கடதாசியில் கூம்புகள் செய்வித்து, அவற்றைச் சேர்த்து நட்சத்திரமாக்கினார்கள். இன்று வழக்கத்தில் இருக்கிற மொறேவியன் நட்சத்திரத்துக்கு 25 முனை. சதுர அடியுள்ளவை 17, முக்கோண அடியுள்ளவை 8. நடுவில் இருக்கிற உருவத்துக்கு 26 முகம். மிஞ்சுகிற ஒரு முகத்தில்தான் தொங்கவிடுகிற கயிறு. எங்கட பாடசாலையில் திண்மங்களைக் கரும்பலகையில் கீறிக் காட்டினார்கள். அங்கே கையில் கொடுத்திருக்கிறார்கள்!

அந்தச் சபையின் உறைவிடப் பாடசாலைகளில் படித்த பலருடைய தாய் தகப்பன்மார் கடல் கடந்து மறைப்பணிக்குப் போனவர்கள். நத்தாருக்கு வீட்டுக்குப் போக வழியில்லாத பிள்ளைகள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறில் கூடியிருந்து ஒட்டினது அந்த நட்சத்திரம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான், ஹேர்ன்ஹூட் என்ற ஊரில் பீட்டர் ஹென்ட்ரிக் வெர்பேக் என்பவர் அதை விற்பனைக்குச் செய்யத் தொடங்கினார். கணக்குப் பாடம் முதல், கடை பிறகு.

அதே காலத்தில், ஜேர்மனியின் பாட் பிளாங்கன்பேர்க்கில் பிரெடெரிக் புரோபல் 1837இல் சின்னப் பிள்ளைகளுக்கான நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1840இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்' என்று பேர் வைத்தார், பிள்ளைகளின் தோட்டம் என்று அர்த்தம். கடதாசி மடிப்பது, வெட்டுவது, கீலங்களைப் பாய் மாதிரிப் பின்னுவது எல்லாம் அவருடைய முறையில் விளையாட்டில்லை, படிப்பு. 1851இல் பிரஷிய அரசு அந்தப் பாலர் பள்ளிகளையே தடை செய்தது. நாஸ்திகமும் சோசலிசமும் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு. அடுத்த வருசம் புரோபல் செத்துப்போனார்; தடை நீங்கினது 1860இல். பிள்ளை கடதாசி பின்னுவதைப் பார்த்து ஓர் அரசு பயந்திருக்கிறது என்பதை வாசித்தபோது சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

சரி, கடைச் சாமானின் கதை என்ன? ஜேர்மனியின் மலைநாட்டில் லவுஷா என்ற ஊர். 1597இல் இருந்து அங்கே கண்ணாடி ஊதுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மரத்தில் தொங்கவிடுகிற கண்ணாடிப் பழங்களும் உருண்டைகளும் செய்யத் தொடங்கினார்கள். 1867இல் ஊருக்கு வாயு வந்த பிறகு, சீரான சுவாலையில் மெல்லிய பெரிய உருண்டைகளை ஊத முடிந்தது. உள்ளுக்கு வெள்ளிக் கரைசல் ஊற்றிக் குலுக்கினால் மினுக்கம். எங்கட பால்மாப் பைக்கற்று மாதிரி, வெள்ளி உள்பக்கம்தான்! 1880இல் அமெரிக்க வணிகர் வூல்வொர்த் இதை மனமில்லாமல் கொஞ்சம் வாங்கி வைத்தார். இரண்டு நாளில் விற்றுத் தீர்ந்ததாம். அதன் பிறகு லவுஷாவின் வீடுகளுக்கு ஓய்வில்லை.

வீடுகள் என்று நான் சும்மா எழுதவில்லை. அது பெரும்பாலும் குடிசைக் கைத்தொழில். தகப்பன் ஊதுவார், தாய் வெள்ளி பூசுவார், பிள்ளைகள் நிறம் தீட்டுவார்கள், மூடி போடுவார்கள். நத்தார் நெருங்க நெருங்க இரவும் வேலை. வீட்டுத் தொழிலில் பிள்ளைகளின் வேலையைக் கட்டுப்படுத்த 1903இல் ஜேர்மனியில் தனிச் சட்டமே தேவைப்பட்டது. இன்று உலகத்தின் நத்தார்ச் சோடனைகளில் பெரும்பங்கு சீனாவின் யிவு நகரத்திலிருந்து வருகிறது. அங்கேயும் ஊரைவிட்டு வேலைக்கு வந்த ஆக்களின் கைதான் நிறம் தீட்டுகிறது.

இரண்டும் கைவேலைதான். ஒன்றில் பிள்ளை தனக்காகச் செய்தது, பிழைவிட்டது, படித்தது. மற்றதில் ஆரோ ஒருவரின் மரத்துக்காகச் செய்தது, பிழைவிட்டால் வீட்டு வருமானம் குறைந்தது. எங்கட பிள்ளைகள் தங்கள் நட்சத்திரத்தை ஒப்பிட்டு வெட்கப்பட்ட அந்த மினுக்கம், இன்னொரு ஊர்ப் பிள்ளைகளின் நித்திரையில் இருந்து வந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு இந்தக் கதையைச் சுருக்கிப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அவள் கேட்டாள்:

"அந்தப் பிள்ளையளுக்கு எத்தினை வயசு அக்கா?"

"உன்ர வயசுப் பிள்ளையளும் இருந்தவை."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ரிசூப் பேப்பரை எடுத்து, "அந்த இருபத்தஞ்சு முனை எங்களால செய்ய ஏலுமோ?" என்றாள். முயற்சி செய்தோம். பதினொரு முனையோடு பசை முடிந்தது. ஒளி விழா அண்டு சவுக்கு மரத்தின் உச்சியில் தொங்கினது அந்தப் பதினொரு முனை நட்சத்திரம்தான், கொஞ்சம் இடப்பக்கம் சரிந்தபடி.