ராட்சசன்

ராம்குமார் எழுதி இயக்கிய தமிழ்த் திரைப்படம். 2018 ஒக்டோபர் 5இல் வெளியானது. தொடர் கொலைகாரர்களைப் பற்றிப் படமெடுக்கும் ஆசையில் பத்திரிகைச் செய்திகளை வெட்டிச் சேர்த்துவைத்திருக்கும் அருண் (விஷ்ணு விஷால்), குடும்ப நிலைமையால் சப்-இன்ஸ்பெக்டராகிறான். பாடசாலை மாணவிகள் கடத்தப்படுகிறார்கள். ஒவ்வொரு கடத்தலுக்குப் பின்னும் ஒரு பரிசுப்பெட்டி கிடைக்கிறது. உள்ளே, முகம் சிதைக்கப்பட்ட பொம்மைத் தலை. அதே காயங்கள் கொல்லப்பட்ட மாணவியின் பிணத்திலும் இருக்கும். இவற்றை வைத்துக் கொலைகாரனின் மனப்போக்கை அருண் கணித்துச் சொல்ல, மேலதிகாரி காதுகொடுப்பதில்லை. அருணின் அக்காள் மகளும் பலியாகும் கட்டம் நெஞ்சை உலுக்குவது. ஜிப்ரானின் இசை படத்தின் பெரும் பலம். சிறுவயதில் நோயால் ஒதுக்கப்பட்ட ஒருவனையே அந்தக் கொலைகாரனாக்கியதுதான் உறுத்தல். முண்டாசுப்பட்டி (2014) என்ற நகைச்சுவைப் படத்தை அடுத்து ராம்குமார் இதை எடுத்தார். தெலுங்கில் 2019இலும் இந்தியில் 2022இலும் மறுஆக்கம் செய்யப்பட்டது.