டிப்போர்ட்: ஒரு சொல், இரண்டு பொருள்

'டிப்போர்ட்' என்று காதில் விழுந்தாலே, பிழைக்க வந்த நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். ஆனால் அகராதியைப் புரட்டிப் பாருங்கள். அதே வினைக்கு 'நடந்துகொள்' என்றும் ஒரு பொருள் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதுதான் மூத்த பொருள். இன்று அதைப் பழைய நடையில்தான் பார்க்க முடியும்.

வேர், 'சுமந்து செல்' என்ற லத்தீன் சொல். நம்மை நாமே எப்படிச் சுமக்கிறோம் என்பது நடத்தை. அடுத்தவர் நம்மைத் தூக்கிக்கொண்டு போய் விட்டால் நாடுகடத்தல். ரோமானியச் சட்டத்தில், குற்றவாளியைத் தீவுக்கு அனுப்பும் தண்டனையும் இந்தப் பெயரில்தான் இருந்தது. நம்மூர்ப் பெரியவர்கள் சொன்ன 'தீவாந்திர சிட்சை' ஞாபகம் வருகிறதா?

இந்த இரண்டு பொருளும் ஒன்றாகக் குடியிருந்த இடம் அந்தமான். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, 1858 மார்ச்சில் 200 கைதிகளுடன் முதல் கப்பல் போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வந்தது. வெள்ளைக்காரன் சட்டத்தில் இதற்கு 'டிரான்ஸ்போர்டேஷன்' என்று பெயர். அதுவும் அதே வேர்தான்.

கடத்தியதோடு விடவில்லை, அங்கே நடத்தையையும் அளந்தார்கள். கழுத்தில் தொங்கும் மரவில்லையில் கைதியின் எண், குற்றப் பிரிவு, தண்டனைத் தேதி எல்லாம் இருக்கும். சுமார் பத்தாண்டுகள் ஒழுங்காக வேலை செய்தவருக்கு 'செல்ஃப் சப்போர்ட்டர்' சீட்டு கிடைக்கும். நிலம் உழலாம், கல்யாணம் செய்யலாம், ஆனால் தீவைவிட்டுப் போக முடியாது. 1906-இல் கட்டி முடித்த செல்லுலார் சிறையோ ஆளுக்கொரு அறை என்று தனிமையில் அடைத்தது.

இந்தியாவில் இந்தத் தண்டனை 1956 ஜனவரி 1 முதல் ஆயுள் தண்டனையாக மாறியது. சீட்டு வாங்கிய கைதிகளின் வாரிசுகள் இன்றும் அங்கே 'லோக்கல் போர்ன்' என்ற பெயரில் வாழ்கிறார்கள். முன்னோருக்குத் தண்டனையாக இருந்த மண் அவர்களுக்குச் சொந்த ஊர்.

நாம் விருப்பப்பட்டு வந்தவர்கள், அவர்களோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் நிரந்தரக் குடியுரிமைக்கு மனுப்போடும்போது நம்மிடமும் போலீஸ் நன்னடத்தைச் சான்று கேட்கிறார்களே! நம் நடத்தைக்கு மதிப்பெண் போடுகிறவர்தான் நாம் எங்கே வாழலாம் என்பதையும் முடிவு செய்கிறார். பிள்ளைகள் இந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டால், இரண்டையும் சொல்லுங்கள். கூடவே அந்தமான் கதையையும் சொல்லுங்கள்.