விஞ்ஞானிகள் மாணவரான வரலாறு

நாம் வாழும் இப்புனே மாநகரில், கணேஷ்கிண்ட் சாலை வழியே நாள்தோறும் செல்வோர் நம் காலனியில் பலர் உளர். அச்சாலையில் உள்ள பல்கலைக் கழகத்தின் தலைமைக் கட்டடம் முன்னாளில் பம்பாய் கவர்னர் மழைக்காலத்தில் வந்து தங்கிய மாளிகை. 1949இல் அங்கே கல்வி குடியேறியது. 2014 முதல் அப்பல்கலைக் கழகம் சாவித்திரிபாய் புலே அம்மையாரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பட்டம் பெற்ற விஞ்ஞானிகளையே மீண்டும் பலகையில் அமர்த்திப் பாடம் சொல்லும் அரும்பணி ஒன்றும் அவ்வளாகத்தில் வேரூன்றியது. அப்பணிக்கும் நம் சென்னைக்கும் உறவு உண்டு என்பதை நம்மவருள் அறிந்தோர் சிலரே. அவ்வரலாற்றை நம் பிள்ளைகளின் பொருட்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

அங்கே கற்பிக்கப்படும் கலையை உயிர்த்தகவலியல் என்பர். ஆங்கில வழக்கில் பயோ-இன்ஃபர்மாட்டிக்ஸ். பெயர் கடினமாயினும் பொருள் எளிது. ஒவ்வோர் உயிரணுவினுள்ளும் டி.என்.ஏ. என்னும் ஏடு ஒன்று உண்டு. அதன் எழுத்துக்கள் நான்கே. அவ்வேட்டின்படி அமினோ அமிலங்கள் மணிகள் போலக் கோக்கப்பட்டுப் புரதங்கள் ஆகின்றன. இன்சுலின் என்னும் புரதத்தின் 51 மணிகளும் எவ்வரிசையில் உள்ளன என்பதை 1955 அளவில் முற்றும் கண்டறிந்தார் இங்கிலாந்தின் பிரெடரிக் சாங்கர். 1958இல் நோபல் பரிசு பெற்றார். 1965இல் அமெரிக்காவின் மார்கரெட் டேஹாஃப் அம்மையார் அதுவரை அறியப்பட்ட 65 புரதங்களின் வரிசைகளைத் திரட்டி நூலாக்கினார். 1982இல் தோன்றிய ஜென்பேங்க் என்னும் பொதுக் களஞ்சியத்தின் முதல் வெளியீட்டில் 606 வரிசைகள் இருந்தன. இன்று அவை கோடிக்கணக்கில் பெருகிவிட்டன. மனிதனின் ஏடு மட்டுமே ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள் கொண்டது. அதனைப் படியெடுக்கும் பெருமுயற்சி 1990 முதல் 2003 வரை நடைபெற்றது.

சரக்குக் கொட்டகையில் மூட்டைகள் வந்து குவிகின்றன என்று வைத்துக் கொள்வோம். பேரேட்டைப் படித்து, எம்மூட்டை எவ்வூருக்கு என்று பிரித்தறிய ஆள் இல்லையெனில் அக்குவியலால் பயன் யாது? களஞ்சியம் பெருகப் பெருக, விஞ்ஞான உலகிலும் இந்நிலையே நேர்ந்தது. உயிரியல் வல்லார்க்குக் கணக்கும் கணிப்பொறியும் தெரியவில்லை. கணக்கு வல்லார்க்கு உயிரணுவின் இயல்பு தெரியவில்லை. இரண்டையும் இணைத்தறிந்த ஆள் வேண்டியிருந்தது. அத்தகையோர் கடையில் கிடைப்பதில்லை. பயிற்றியே உண்டாக்கப்பட வேண்டும்.

இத்தகைய பயிற்சிக்கு நம் நாட்டில் வித்திட்ட இடங்களுள் சென்னை முதன்மையானது. 1952இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் பௌதிகத் துறைத் தலைமையை ஏற்ற ஜி. என். இராமச்சந்திரன், சர். சி. வி. இராமனின் மாணவர். பௌதிகம் பயின்ற இளைஞர்களைப் புரத ஆராய்ச்சிக்குத் திருப்பினார் அவர். 1963இல் சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட வரைபடம் இன்றும் உலகெங்கும் இராமச்சந்திரன் படம் என்றே வழங்குகின்றது.

அப்படத்தின் கருத்தை நம் ரயில்வே அன்பர்கள் எளிதில் உணர்வர். பெட்டியும் பெட்டியும் இணையும் இடத்தில் வண்டி ஓரளவே வளையலாம். மிகுதியாக வளைந்தால் பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டும். புரதத் தொடரிலும் ஒவ்வோர் இணைப்பையும் அடுத்து இரண்டு கோணங்கள் உண்டு. அணுக்கள் மோதாதவாறு அக்கோணங்கள் எவ்வளவு திரும்பலாம், எவ்வளவு திரும்பலாகாது என்பதைக் கணக்கிட்டுக் காட்டியதே அப்படம். கணிப்பொறி எளிதில் கிட்டாத அந்நாளில், கணக்கின் துணையால் உயிரின் விதி ஒன்றைக் கண்டது அம்மூவரின் சாதனை. புதிதாக வகுக்கப்படும் புரத வடிவங்களை இன்றும் அப்படத்தோடு ஒப்புநோக்கிச் சரிபார்ப்பது வழக்கம்.

பின்னர் இராமச்சந்திரன் பெங்களூர் சென்று, இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூறு உயிர்பௌதிகப் பிரிவை நிறுவினார். 1973இல் அவரோடு சேர்ந்து ஆய்வுரை வெளியிட்டவர்களுள் ஒருவர் அசோக் கோலாஸ்கர். அவரே புனேயில் உயிர்த்தகவலியல் மையத்தை இயக்கி வளர்த்தவர். 2001 முதல் 2006 வரை இப்பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கியவர். 1990இல் அவரும் டோங்காவ்கரும், ஒரு புரதத்தின் எப்பகுதியை உடலின் காவற்படை அடையாளம் காணும் என்பதை அதன் வரிசையைக் கொண்டே ஏறத்தாழ 75 விழுக்காடு சரியாகக் கூறும் முறையை வகுத்தனர். தடுப்பு மருந்து ஆய்வோர்க்கு அம்முறை இன்றும் கைகொடுக்கின்றது. சென்னையில் ஏற்றிய விளக்கின் ஒளி பெங்களூர் வழியாகப் புனேயை அடைந்தது எனின் அது மிகையன்று.

1986இல் மத்திய அரசு உயிர்த்தொழில்நுட்பத் துறையைத் தோற்றுவித்தது. அதனை ஒட்டி நாடெங்கும் உயிர்த்தகவல் மையங்கள் வலைபோல் அமைந்தன. புனே, மதுரை காமராசர் பல்கலைக் கழகம், டில்லி, பெங்களூர் ஆகியவை அவற்றுள் சில. களஞ்சியங்களைப் பெற்று வைத்து, கேட்போர்க்கு வழங்குவது அம்மையங்களின் ஒரு கடமை. அவற்றைப் பயன்படுத்தப் பயிற்றுவது மற்றொரு கடமை. முதுகலைப் பட்டம் பெற்ற இளைஞர்க்கு ஓராண்டுப் பட்டயப் படிப்பு ஏற்பட்டது. பணியில் உள்ள பேராசிரியர்க்கும் ஆராய்ச்சியாளர்க்கும் சில நாள் முதல் சில வாரம் வரையிலான பயிற்சி வகுப்புக்கள் நடந்தன. பிறர்க்குப் பாடம் சொல்லிப் பழகியவர், தம் மாணவர் வயதினர் அருகே அமர்ந்து, விசைப்பலகையில் விரல் வைத்து அரிச்சுவடி தொடங்குவது எளிதான செயலன்று. கல்வியினும் பணிவே அங்கு முதலில் தேவைப்பட்டது.

இது ரயில்வே குடும்பங்களுக்குப் புதிதன்று. நிலைய அதிகாரியும் இஞ்சின் ஓட்டுநரும் குறித்த காலத்திற்கு ஒருமுறை புத்தாக்கப் பயிற்சிக்குச் சென்றே ஆகவேண்டும். 1985-86இல் டில்லியில் கணிப்பொறி வழி முன்பதிவு தொடங்கியது. அது பிற ஊர்களுக்கும் பரவியபோது, அட்டைச் சீட்டும் கைப்பேரேடுமாய்ப் பழகிய மூத்த குமாஸ்தாக்கள் புதிய வேலையைக் கற்றுத் தேர்ந்தனர். கருவி மாறுங்கால் கையும் மாறவேண்டும். விஞ்ஞானிக்கும் இந்நீதியே.

2000ஆம் ஆண்டினை ஒட்டி, மனித ஏட்டின் செய்தி உலகெங்கும் பரவியபோது, இக்கல்விக்குப் பெருமோகம் உண்டாயிற்று. நல்ல நிலையங்களோடு, மிகுந்த கட்டணம் பெற்றுப் பட்டயத் தாளை மட்டும் வழங்கிய இடங்களும் தோன்றின. கணக்கும் ஆழமில்லை, உயிரியலும் ஆழமில்லை என்ற நிலையில் வெளிவந்த இளைஞர் சிலர் வேலையின்றி வருந்தினர். ஆதலின் நம் பெற்றோர் இரண்டு செய்திகளை விசாரித்தறிதல் வேண்டும். கற்பிப்போர் தாமே ஆராய்ச்சி செய்பவரா? கணிதமும் உயிரியலும் ஒருங்கே கற்பிக்கப்படுகின்றனவா? இவ்விரண்டும் இல்லாத இடத்தில் கட்டும் பணம் வீண்.

இப்பயிற்சியின் அருமையை நாடு முழுவதும் உணர்ந்தது 2020இல். அவ்வாண்டு ஜனவரியில் கொரோனா கிருமியின் ஏறத்தாழ 30,000 எழுத்துக்களும் உலகின் பொதுக் களஞ்சியத்தில் வெளியாயின. கேரளத்திலிருந்து வந்த மாதிரியைச் சோதித்து, இந்தியாவின் முதல் நோயாளியை உறுதி செய்தது நம் புனேயின் தேசிய வைரஸ் ஆய்வுக் கழகமே. கிருமி உருமாறுவதைக் கண்காணிக்க அவ்வாண்டு டிசம்பரில் 10 ஆய்வுக்கூடங்களை இணைத்துக் கூட்டமைப்பு ஒன்றை அரசு நிறுவிற்று. அப்பத்தில் இரண்டு புனேயில் உள்ளவை. எழுத்துக்களை இயந்திரம் படியெடுக்கும். எந்த மாற்றம் கேடு தருவது, எது பொருட்படுத்தத் தகாதது என்று சொல்பவர் பயின்ற மனிதரே. அந்நாட்களில் நம் காலனியிலும் பல வீடுகள் துயருற்றன. அத்தகைய காலத்தில் ஏட்டைப் பிழையறப் படிப்பவர் எத்துணை இன்றியமையாதவர் என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

கற்றல் என்பது பட்டமளிப்பு விழாவோடு முடிவதன்று என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் பாடம். புரத வடிவைக் கணிப்பொறியால் முன்னறியும் முறைக்காக 2024இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பழைய பாடத்தோடு நின்றவர் இன்று பின்தங்கிவிடுவர். உயிரியல் பயிலும் நம் பெண்களும் பிள்ளைகளும் கணக்கை வெறுத்தொதுக்காதிருப்பாராக. கணக்கு வல்லவர் உயிரியலை மனப்பாடப் பாடம் என்று இகழாதிருப்பாராக. சென்னையிலிருந்து புனேக்குப் பிழைப்பைத் தேடி வந்தவர் நாம். கல்வியும் அதே வழியே வந்திருக்கின்றது. அதனை வரவேற்று வளர்ப்பது நம் குடும்பங்களின் கடமையாகும்.