நஃபகாவும் நஃபாதும்: செல்வம் தேயும் வழிகளுக்கு அரபியர் இட்ட பெயர்கள்

திருக்குர்ஆன் விரிவுரை வகுப்பில் மாணவர் ஒருவர் எழுப்பிய ஐயமே இக்கட்டுரைக்குக் காரணம். இறைவழியில் செலவிடுதலைக் குறிக்கும் 'அன்ஃபக' என்ற சொல்லும், தீர்ந்துபோதலைக் குறிக்கும் 'நஃபித' என்ற சொல்லும் ஒலியால் இத்துணை நெருங்கியிருப்பது தற்செயலா என்று அவர் வினவினார். தற்செயலன்று. ஹிஜ்ரி 538இல் (கி.பி. 1144) மறைந்த இமாம் ஸமக்ஷரீ, தம் 'அல்-கஷ்ஷாஃப்' விரிவுரையில் அல்பகரா அத்தியாயத்தின் தொடக்க வசனங்களை விளக்கும்போதே இவ்விரு சொற்களையும் உடன்பிறப்புகள் என்கிறார். 'நூன்' முதலெழுத்தாகவும் 'ஃபா' இரண்டாம் எழுத்தாகவும் அமைந்த வேர்ச்சொற்களை எண்ணிப்பார்த்தால், அவை யாவும் வெளியேறுதல், போதல் என்னும் பொருளைச் சுற்றியே நிற்பதைக் காணலாம் என்பது அவர் கண்ட நுட்பம்.

தமிழர்க்கு இது வியப்பளிக்காது. 'செலவு' என்பதும் 'செல்' என்பதிலிருந்து பிறந்ததே. ஆயினும் சங்க இலக்கியத்தில் செலவு என்றால் பயணம். பொருள் தேடித் தலைவன் பிரிந்து செல்வது. பொருளைத் தேடிப் போனதற்கு அன்று வழங்கிய பெயர், பொருள் கையைவிட்டுப் போவதற்கு இன்று வழங்குகிறது!

அரபியில் இதே வேரிலிருந்து வந்த 'நஃபக்' என்பது சுரங்கவழி; ஒரு பக்கம் நுழைந்தால் மறுபக்கம் வெளியேறத் திறப்புடையது. பாலைவன எலியொன்று தன் வளையில் மறைவாக அமைத்துக்கொள்ளும் இரண்டாம் வாயிலுக்கு 'நாஃபிகா' என்று பெயர். நயவஞ்சகத்தைக் குறிக்கும் 'நிஃபாக்' அதிலிருந்தே வந்தது என்பர் மொழியறிஞர். ஆக, நஃபகா என்பது பொருள் அழிவதன்று. ஒரு வாயிலால் நுழைந்தது இன்னொரு வாயிலால் வெளியேறுவது. 'நஃபாத்' என்பதோ, வெளியேறிய பின் உள்ளே ஒன்றும் எஞ்சாமை. இரண்டுக்கும் இடையே ஓரெழுத்தே வேறுபாடு. 17ஆம் அத்தியாயத்தின் 100ஆம் வசனத்தில் 'இன்ஃபாக்' என்ற சொல்லே தீர்ந்துவிடுமோ என்னும் அச்சத்தைக் குறிக்க வந்திருப்பதையும் விரிவுரையாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர்.

வீண்செலவுக்கு இஸ்ராஃப், தப்தீர் என்ற இரு சொற்கள் உள்ளன. தப்தீர் என்பது விதை தூவுதலிலிருந்து வந்தது. உரிய வழியில் முழுச் சொத்தையும் கொடுத்தாலும் அது தப்தீர் ஆகாது, உரியதல்லா வழியில் ஒரு கையளவு கொடுத்தாலும் அது தப்தீரே என்பது தாபிஈ முஜாஹிதின் கருத்து. இவ்விரண்டும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் குற்றங்கள், ஊரார் பழிப்பர். நம் கவலை கண்ணுக்குத் தெரியாமல் தேய்வதைப் பற்றியது.

அதற்கு அரபியர் விரும்பி ஆண்ட சொல் 'தின்னுதல்'. அநாதைகளின் செல்வத்தை வாணிபத்தில் ஈடுபடுத்துங்கள், இல்லையேல் ஸகாத் அதனைத் தின்றுவிடும் என்னும் கருத்தில் கலீஃபா உமர் (ரலி) கூறியதாக இமாம் மாலிக்கின் 'முவத்தா'வில் வருகிறது. சிறுவரின் செல்வத்தில் ஸகாத் உண்டா என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பது நாமறிந்ததே; அது தனி விவாதம். கணக்கை மட்டும் பார்ப்போம். 100 தீனாரில் ஆண்டுதோறும் நாற்பதில் ஒரு பங்கு கழிந்தால், 15 ஆண்டில் எஞ்சுவது ஏறத்தாழ 68 தீனார். எவரும் திருடவில்லை, எவரும் வீணடிக்கவில்லை. கடமையைத்தான் நிறைவேற்றினர். எனினும் குழந்தை வளர்ந்து தன் சொத்தைக் கேட்கும்போது மூன்றில் ஒரு பங்கைக் காணோம்.

சட்ட அறிஞர்கள் இதற்கெனவே ஒரு கூரிய வேறுபாட்டை வகுத்தனர். வீட்டில் குடியிருக்கலாம், வீடு எஞ்சும்; தோப்பின் கனியை உண்ணலாம், தோப்பு எஞ்சும். உணவையும் நாணயத்தையுமோ அவற்றின் பொருளைப் போக்காமல் பயன்படுத்த இயலாது. இப்போக்குதலே 'இஸ்திஹ்லாக்', 'ஹலாக்' என்னும் அழிவிலிருந்து பிறந்த சொல். இன்றைய அரபு நாளேடுகளில் அது வெறும் 'நுகர்வு' ஆகிவிட்டது.

கைபரில் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென்று உமர் (ரலி) கேட்டபோது, அடிமுதலை நிறுத்திவைத்து அதன் விளைவை அறத்துக்கு விடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) வழிகாட்டினார்கள். வக்ஃபின் இலக்கணம் அதுவே. அப்படியானால், பயன்படுத்தினாலே தீர்ந்துபோகும் நாணயத்தை வக்ஃபு செய்யலாமா? இமாம் அபூஹனீஃபாவின் மாணவர் ஸுஃபர் (மறைவு ஹிஜ்ரி 158), அதனை முளாரபா வாணிபத்தில் இட்டு லாபத்தை மட்டும் செலவிடலாம் என்றார். எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் உதுமானியப் பேரரசில் இவ்வினா பெரும் பூசலாக வெடித்தது. 1545 முதல் 1574 வரை ஷைகுல் இஸ்லாமாக விளங்கிய அபுஸ்ஸுஊத், மக்களின் வழக்கத்தைக் கருதி அனுமதித்தார். 1573இல் மறைந்த பிர்கிவீ கடுமையாக மறுத்தார். அபுஸ்ஸுஊதின் தரப்பே நடைமுறையில் வென்றது. பிர்கிவீயின் அச்சத்தை வெறும் பிடிவாதமென ஒதுக்க நமக்கு மனமில்லை. கடனாகச் சென்ற நாணயம் திரும்பாவிடில் வக்ஃபு என்ற பெயர் மட்டுமே மிஞ்சும்.

நிலமும் கட்டடமும் மட்டும் காப்பாயிருந்தனவா? ஹிஜ்ரி 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மம்லூக்கியர் கால கெய்ரோவில் நிகழ்ந்ததை மக்ரீஸீ தம் 'கிதத்' நூலில் பதிவு செய்துள்ளார். அரண்மனை அதிகாரி ஜமாலுத்தீன் யூசுஃப் ஒரு வக்ஃபுக் கட்டடத்தை விரும்பினால் இரு சாட்சிகள் வருவர். அது அண்டை வீட்டாருக்கும் வழிப்போக்கருக்கும் தீங்கானது, மாற்றிவிடுவதே நலம் என்பர். காழி இப்னுல் அதீம் அதன்படி தீர்ப்பளிப்பார். இதற்கு வழங்கிய பெயர் 'இஸ்திப்தால்', அதாவது மாற்றீடு. பாழடைந்த சொத்துக்குப் பகரமாக நல்ல சொத்தைப் பெறுவதற்கென்றே ஹனஃபீ அறிஞர்கள் அனுமதித்த வழி அது. திருட்டு என்று சொல்லியிருந்தால் கெய்ரோவாசிகள் திரண்டிருப்பர். மாற்றீடு என்ற சொல்லை எதிர்த்து யார் திரள்வார்?

சில ஆண்டுகளுக்கு முன், சிற்றூர் ஒன்றின் வக்ஃபுக் கணக்கைப் பார்வையிட நாம் அழைக்கப்பட்டிருந்தோம். பழைய பேரேட்டில் ஓராண்டு, 'தோப்பு விற்ற வகையில்' என்று வரவுப் பத்தியில் ஒரு தொகை. எதிர்ப்பத்தியில் உஸ்தாதுகளின் சம்பளம், விளக்கெண்ணெய், ரமளான் கஞ்சி. யாவும் நல்ல செலவுகள். ஒரு காசும் தவறவில்லை. இருபுறமும் கூட்டல் சரியாக இருந்தது. விற்றது முதல் என்பதைக் காட்டத் தனிப் பத்தி அந்தப் பேரேட்டில் இல்லை. அடுத்த ஆண்டுப் பக்கத்திலும் வழக்கம்போல் 'தேங்காய் வருமானம்' என்று அழகிய கையெழுத்தில் எழுதி, எதிரே ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார்கள்.